வண்ணக்கரின் மேசைக்கு வந்த வெளிநாட்டுக் காசு

போன வருடம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா முடிந்து உண்டியல் திறந்த அன்று, எண்ணிக்கொண்டிருந்தவர்கள் மூன்று குத்திக்காசுகளை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் என்னைக் கூப்பிட்டார். "மனே, உனக்குத்தான் இந்தக் காசுகள் பிடிபடும். எந்த நாடு, செல்லுமா எண்டு பாத்துச் சொல்லு." நான் காசு சேர்ப்பவன் என்பது களுவாஞ்சிக்குடிப் பக்கம் கொஞ்சப் பேருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சட்டைப் பையில் மிஞ்சிய சில்லறையை எனக்கென்று எடுத்து வைப்பார்கள்.

ஒன்று சுவிஸ் பத்து ரப்பன். சின்னக் காசு, 3 கிராம்தான். சுவிஸ்காரர் இந்தப் பத்து ரப்பனை 1879 இலிருந்து முகம் மாற்றாமலே அடித்து வருகிறார்கள், அந்த முதல் வருடக் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இன்றைக்கும் அங்கே செல்லும். இரண்டாவது கனடா ஒரு டொலர், தண்ணீரில் மிதக்கும் பறவை போட்டது, நம்முடைய 10 ரூபாய்க் குத்தியைப் போல 11 பக்கம். மூன்றாவதைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் "ரெண்டு யூரோ!" என்று சந்தோஷப்பட்டான். வெளியே வெள்ளை வளையம், நடுவில் மஞ்சள். கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் தாய்லாந்து மன்னர், மறுபக்கம் கோபுரம். 10 பாத்.

இந்த இரண்டு காசும் உலகம் முழுக்க ஆட்களைக் குழப்புகின்றன. 2 யூரோ 25.75 மில்லிமீற்றர், 10 பாத் 26 மில்லிமீற்றர், இரண்டும் 8.5 கிராம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் வித்தியாசம் தெரியாது. பெறுமதியில் பார்த்தால் அந்தப் பாத் யூரோக் காசின் பத்தில் இரண்டு பங்குகூட வராது. காந்தத்தை நடுவில் வைத்தால் யூரோ மெதுவாக இழுபடும், ஏனென்றால் அதன் நடுவட்டத்துக்குள் நிக்கல் தகடு ஒன்று ஒளிந்திருக்கிறது. பாத்தின் நடு இழுபடாது.

"அப்ப இது கள்ளக்காசா?" என்று வண்ணக்கர் கேட்டார். இல்லை ஐயா, நல்ல காசு, நாடுதான் வேறு என்றேன். அவர் சிரிக்காமல் தலையாட்டினார். கோயில் கணக்கில் மூன்றையும் அப்படியே பெயர் சொல்லி எழுதச் சொன்னார், அதற்குரிய ரூபாயை நான் உண்டியலில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பரிபாலன சபையும் சம்மதித்தது.

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் கோயிலைப் பொறுப்பாக நடத்துகிறவரை வண்ணக்கர் என்போம். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயம் சோதிப்பவன். சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரோடும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டு வருகிறது. "நோட்டம் பார்க்கிறான்" என்று நாம் இன்றைக்கு வேறு கருத்தில் சொல்கிறோமே, அந்த நோட்டமும் காசு சோதிக்கும் தொழிலில் புழங்கிய சொல்தான். அன்றைக்கு அந்த மேசையில், அந்தப் பதவியில் இருக்கும் ஒருவர் என்னிடம் "செல்லுமா" என்று கேட்டபோது எனக்கு உடம்பு புல்லரித்தது. இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துவிட்டேன்.

எங்கள் வீடுகளில் வெளிநாட்டுக் குத்திக்காசு ஏன் இவ்வளவு கிடக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. வங்கியும் காசு மாற்றுகிற கடையும் தாளைத்தான் வாங்கும், குத்தியை வாங்காது. ஆகவே டோகா, டுபாய், ரியாத் என்று போனவர்களின் கடைசி நாள் சில்லறை எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் வந்து சேர்கிறது. எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. மாமா 1990களில் முதலில் கட்டாரிலும் பிறகு மஸ்கட்டிலும் வேலை செய்தார். விடுமுறைக்கு வரும்போது பாய்க்கப்பலும் ஈச்சமரமும் போட்ட கட்டார் திர்ஹம், கூட வேலை செய்தவர்கள் கொடுத்த கோப்பிக் கேத்தில் போட்ட எமிரேட்ஸ் திர்ஹம் எல்லாம் கொண்டுவருவார். அரபு எண்களை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தக் காசுகளில். நம் பூச்சியம் மாதிரித் தெரிவது அங்கே ஐந்து, வெறும் புள்ளிதான் பூச்சியம். ஹிஜ்ரி வருடம் 1400 ஏறக்குறைய நம் 1980 என்பதையும் மாமாதான் சொல்லித் தந்தார்.

அந்த முதல் டின் கல்லாற்றில் மாமா வீட்டில் இருந்தது. 2004 மார்கழி 26 அன்று கடல் அதைக் கொண்டுபோய்விட்டது. வீட்டின் முன்பக்கச் சுவரும் போனது. கிழமைகள் கழித்து மண்ணை அள்ளும்போது நாலு காசு கிடைத்தன, கறுத்துப்போய், ஒன்றில் மட்டும் பாய்மரத்தின் நுனி தெரிந்தது. எந்தக் காசை யார் எந்தப் பயணத்தில் தந்தார்கள் என்று சொல்ல மாமாவுக்கும் முடியவில்லை, எனக்கும் முடியவில்லை. அதற்குப் பிறகு என் கைக்கு வரும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு கடதாசித் துண்டு எழுதி வைக்கிறேன்: யார் தந்தது, எங்கே, எந்த மாதம், நிறை எத்தனை, சந்தேகம் உண்டா. காசைவிட அந்தத் துண்டுதான் எனக்குப் பெரிது.

நான் காசு தேடிப் போகிற இடம் அறுகம்பை. அலைச் சறுக்குப் பருவத்தில் ஆட்டோக்காரருக்கும் விடுதிப் பெடியன்களுக்கும் சந்தோஷமாகக் கொடுக்கிற காசில் குத்திகள் நிறைய. அந்தந்த நாட்டு ஆள் அடுத்து வரும்போது கொடுத்துத் தாளாக மாற்றிக்கொள்வார்கள், மாறாதவை என்னிடம் வரும். பொத்துவில் நானா ஒருவர் ஒருமுறை மலேசியா ஒரு ரிங்கிட் காசு இரண்டு வைத்திருந்தார், கிரிஸ் கத்தி போட்ட பொன்னிறக் காசு. நல்ல காசுதான், ஆனால் மலேசியா அதை 2005 டிசம்பரிலேயே செல்லாது என்று நிறுத்திவிட்டது, கள்ளக்காசுத் தொல்லையும் அதற்கு ஒரு காரணம். யாரோ பழைய பையில் கிடந்ததைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "அப்ப இதுக்கு ஒண்டும் பெறாதா தம்பி?" என்றார். கடையில் பெறாது நானா, எனக்குப் பெறும் என்று இரண்டையும் வாங்கினேன், துண்டில் அவர் ஆட்டோ நிற்கிற சந்தியையும் எழுதினேன்.

இப்படிக் கைமாறிக் கைமாறி வந்த காசில் கள்ளம் குறைவு. ஐம்பது சதத்தை யாரும் கஷ்டப்பட்டுச் செய்யமாட்டார்கள். கள்ளம் வருவது நினைவுப் பொருள் என்று விலை கொடுத்து வாங்கும்போது, அதுவும் "பழசு, வெள்ளி" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் கட்டாயம் கவனம் வேண்டும்.

எனக்கு அது நடந்தது பாங்கொக்கில், ஒரு சந்தைக் கடையில். பெரிய வெள்ளைக் காசு, அமெரிக்க வர்த்தக டொலர். இந்த டொலரை அமெரிக்கா 1873 இல் தொடங்கி சீனாவோடும் கிழக்காசியாவோடும் வியாபாரம் செய்வதற்கென்றே அடித்தது. அந்தக் காலத்தில் அங்கே நிறையைப் பார்த்துத்தான் வெள்ளியை வாங்குவார்கள், அதனால் நிறையையும் வெள்ளியின் மாற்றையும் (தூய்மையையும்) காசிலேயே பொறித்தார்கள்: 420 கிரெயின், ஆயிரத்துக்கு 900 வெள்ளி. நான் வாங்கியது அழகாக, பழுப்பேறி, உண்மையில் கிழவன் மாதிரி இருந்தது. விலை பேசி வாங்கி, சந்தோஷமாகக் கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்து தராசில் வைத்தேன். 420 கிரெயின் என்றால் 27.22 கிராம். தராசு 22.4 காட்டியது. தேய்ந்த காசு அரைக் கிராம் குறையும், ஒரு கிராம்கூடக் குறையலாம், ஆனால் ஐந்து கிராம் குறையத் தேய்ந்திருந்தால் அந்தக் காசில் இருக்கிற அம்மாவின் முகமே இருக்காது. காசு தன் நிறையைத் தானே எழுதி வைத்துக்கொண்டு அதற்கு எதிராக நிற்கிறது. பிறகு காந்தம் வைத்தேன், டப்பென்று ஒட்டியது. உள்ளே இரும்பு. கண்ணாடி வைத்துப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வருடம் 1872, அதாவது அந்தக் காசு பிறப்பதற்கு ஒரு வருடம் முன். எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரக் கட்டியில் எழுதியது போல மழுங்கல். வயல்போலச் சமனாக இருக்க வேண்டிய இடத்தில் வேர்க்குரு மாதிரிப் பொட்டுப் பொட்டாக மேடு, அது உருக்கி வார்க்கும்போது காற்றுக் குமிழ் விட்ட தடம். அச்சடித்த காசில் அது வராது. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு, இரண்டு பாதியை ஒட்டிய இடம் அராவி மறைத்தது. கடைத் தட்டில் அதே காசு இன்னொன்று இருந்ததைப் படம் பிடித்திருந்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். இரண்டு காசு தனித்தனியே நூற்றைம்பது வருடம் புரண்டு ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் காயப்படாது.

இதில் வயிற்றெரிச்சல் காசுக்காக அல்ல. அந்தப் பயணத்தின் நினைவாக நான் கொண்டுவந்தது இதுதான் என்று ஆகிவிட்டதே என்றுதான். அதே பயணத்தில் படகுக்காரர் மீதிச் சில்லறையாகத் தந்த 5 பாத் ஒன்று பையின் அடியில் கிடந்தது. இப்போது பாங்கொக் என்று எழுதிய உறையில் அதுதான் இருக்கிறது.

இந்த இடத்தில் காந்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் எல்லாரும் காந்தத்தைத்தான் நம்புகிறார்கள். வெள்ளி என்று சொல்லப்படுவது காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை, அவ்வளவு நிச்சயம். ஒட்டாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. பித்தளை ஒட்டாது, ஈயம் ஒட்டாது, செம்பு நிக்கல் கலவை பெரும்பாலும் ஒட்டாது. மறுபக்கம், யூரோவின் 1, 2, 5 சதம் செம்பு நிறத்தில் இருந்தாலும் உள்ளே உருக்கு, நன்றாக ஒட்டும், ஆனால் அசல். அதனால் அந்தக் காசு எதால் செய்யப்பட வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், பிறகுதான் காந்தம்.

லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தந்த ஒரு பவுண் குத்திக்காசு வேறு கதை. பழைய வட்டப் பவுண், 1983 இல் வந்து 2017 ஒக்டோபர் 15 உடன் கடைகளில் செல்லாமல் போனது. அவன் தந்ததில் வருடம் 1996, பின்பக்கம் மூன்று சிங்கம். அந்தப் பவுணின் பின்பக்கப் படம் வருடத்துக்கு வருடம் மாறியது, 1996 க்குரியது வட அயர்லாந்தின் சிலுவை, மூன்று சிங்கம் 1997 இல்தான். விளிம்பு எழுத்தும் ஆழமில்லாமல் கோணலாக இருந்தது. கள்ளப் பவுண். அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் புழங்கிய பவுண்களில் ஏறக்குறைய முப்பதில் ஒன்று இப்படிக் கள்ளமாக இருந்தது, அதனால்தான் 12 பக்கப் புதுக் காசைக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்குச் சொன்னபோது, "நான் அதை வச்சு எத்தனை தரம் சாமான் வாங்கியிருப்பன் தெரியுமா" என்றான். அதை நான் எறியவில்லை. ஒரு தமிழ்ப் பெடியன் லண்டனில் இரவு வேலை முடித்துப் பாண் வாங்கி மீதியாக எடுத்த காசு அது. துண்டில் "கள்ளக்காசு, 1996, மூன்று சிங்கம், அண்ணனின் சட்டைப் பையிலிருந்து" என்று எழுதி, நல்ல பவுணுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காத ஒன்று, ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் போட்டு 1818 என்று எழுதிய "கம்பனிக் காசு". கிழக்கிந்தியக் கம்பனி அப்படி ஒரு காசைப் புழக்கத்துக்கு அடிக்கவே இல்லை. பூசைக்கு வைக்கிற வில்லைகளைப் பார்த்துச் செய்து விற்கிறார்கள். பூசை அறையில் வைத்தால் குற்றமில்லை. ஆனால் அரிசியை இழுக்கும், கோடி பெறும் என்று கைத்தொலைபேசியில் படம் அனுப்பி, நகையை அடகு வைக்கச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள். எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

ஒல்லாந்தர் காசையும் கேட்பீர்கள். 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்கள், அவர்கள் கம்பனியின் முத்திரை போட்ட செப்புக் காசு எங்கள் பக்கம் அரிதல்ல. ஒருவகையில் எங்கள் வாவிக்கரைக்கு வந்த பழைய பயண நினைவு அதுதான். ஆனால் மண்ணிலிருந்து எடுத்தது என்று சொல்லி வருவதை நான் வாங்குவதில்லை. தொல்பொருளுக்கு 1940 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, அதற்கு மேலாக, தோண்டுகிறவனுக்கு விலை கொடுத்தால் அவன் நாளைக்கும் தோண்டுவான்.

சரி, மாமாவின் காசுக்கு வருகிறேன். சுனாமியில் பழுதில்லாமல் தப்பிய ஒரே ஒரு காசு மாமாவிடம் இருந்தது, தப்பியதற்குக் காரணம் அது அன்றைக்குக் கல்லாற்றில் இல்லை. மாமி அதில் வளையம் வைத்துப் பதக்கமாக்கலாம் என்று புளியந்தீவில் தங்கச்சி வீட்டில் கொடுத்திருந்தார். மஸ்கட்டின் மத்ரா சந்தையில் மாமா வாங்கிய பெரிய வெள்ளிக் காசு. முக்காடு போட்ட, கொழுத்த முகத்து ஒரு பெண், மறுபக்கம் இரட்டைத் தலைக் கழுகு, வருடம் 1780. ஒஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசாவின் தாலர். விற்றவர் "இருநூறு வருடம் பழசு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார், மாமாவும் முப்பது வருடமாக அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லி வந்தார். போன தைப்பொங்கலுக்குப் போனபோது என் கையில் தந்து, "மருமகன், உண்மையைச் சொல்லு" என்றார்.

எனக்கு விடை பாதி முன்னமே தெரியும், அதனால் வாய் வரவில்லை. மரியா தெரேசா 1780 இல் இறந்தார். ஆனால் அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அந்த முகத்தை, அந்தக் கழுகை, அந்த வருடத்தைத்தான் நம்பினார்கள், வேறு காசைக் கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். ஆகவே அவர் இறந்த பிறகும் அதே 1780 ஐப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, பிறகு ரோமில், லண்டனில், பேர்மிங்காமில், பாரிஸில், பம்பாயில்கூட. ஓமானில் 1970 அளவு வரை அது கையில் புழங்கிய பணம். வியன்னா இன்றைக்கும் அடிக்கிறது. வருடத்தை வைத்து அதன் வயதைச் சொல்ல முடியாது.

வெள்ளியா என்று மட்டும் பார்க்கலாம் மாமா என்றேன். நகைத் தொழில் செய்யும் தெரிந்தவரிடம் போனால் உரைகல்லில் உரசுவார், காசின் விளிம்பு காயப்படும், எனக்கு அது விருப்பமில்லை. தராசு கொண்டுபோயிருந்தேன். காய்ந்த நிறை 27.93 கிராம், இருக்க வேண்டியது 28.07, தேய்மானத்துக்குச் சரி. பிறகு கிளாசில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, காசை மாமியின் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2.74 காட்டியது, அது காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை. 27.93 ஐ 2.74 ஆல் வகுத்தால் 10.19, அதாவது காசு தண்ணீரைவிட அத்தனை மடங்கு பாரம். ஆயிரத்துக்கு 833 பங்கு வெள்ளியும் மீதி செம்பும் என்றால் 10.2 அளவில் வர வேண்டும். வெள்ளைச் செம்பு நிக்கலாக இருந்தால் 8.9 க்குக் கிட்டவும், ஈயமாக இருந்தால் 11 க்கு மேலும் வந்திருக்கும். விளிம்பில் லத்தீன் எழுத்து மேடாக, தெளிவாக இருந்தது, நீதியும் கருணையும் என்று பொருள். அதுதான் கள்ளமாகச் செய்கிறவர்களுக்குக் கஷ்டமான இடம்.

ஒரு குறை மட்டும். மாமி அதை ஒவ்வொரு பொங்கலுக்கும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். பழைய தோல் போய்விட்டால் காசின் வயதைச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்று போய்விடும். விற்கிற விலையும் இறங்கும். வெண்கலக் குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு வேண்டாம் மாமி என்று சொன்னேன். தண்ணீரில் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும். எங்கள் கடற்கரை உப்புக்காற்றுக்குக் காய்ந்த கடதாசி உறை நல்லது, மென்மையான பிளாஸ்டிக் உறை சில வருடத்தில் காசின் மேல் பச்சை பிடிக்கும்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப வெள்ளி உண்மை, வருசம் பொய்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது மாமா, அவ்வளவு காலமும் அந்த வருடத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துண்டையும் பேனையையும் என் பக்கம் தள்ளிவிட்டுச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: மத்ரா சந்தை, 1994, மூன்றாம் மாதச் சம்பளத்தில் வாங்கியது, மாமிக்கு. கடையின் வாசலில் குந்துக்கல்லு இருந்ததையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.

நிறையை நான் கீழே சேர்த்தேன். பதக்கத்துக்கு வளையம் வைக்கும் யோசனையை மாமி விட்டுவிட்டார், காசு இப்போது துண்டோடு அலுமாரியில் இருக்கிறது.